பெங்களூரிலிருந்து இரண்டு நாள் ஓய்வு: ஒதுக்கமான மலை விடுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் வசிக்கும் ஒரு குடும்பத்தார் கேட்டிருப்பது இது: கணவன், மனைவி, பத்து வயது மகன், எழுபதைக் கடந்த சைவ உணவுக்கார அத்தை என நான்கு பேரும் ஒரு சனி, ஞாயிறை மலையில் கூட்டமில்லாத விடுதி ஒன்றில் ஓய்வாகக் கழிக்க வேண்டும், ஊர் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இல்லை, குடகு, சிக்கமகளூர், ஏற்காடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எங்கே போவது, விடுதியை எப்படிப் பார்த்து எடுப்பது?

பெரும்பாலானோர் முதலில் மலையைத் தீர்மானித்துவிட்டு, பிறகு அங்கே கிடைக்கிற விடுதியைத் தேடுகிறார்கள். ஓய்வுக்காக மட்டும் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் தங்கப்போகும் வீட்டைத் தேடுங்கள். அமைதியைப் பொறுத்தவரை மலை எதுவாக அமைந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்தபின் வரும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரும், அன்றைய இரவு அதே வீட்டில் உங்களைத் தவிர வேறு யார் தங்கியிருக்கிறார்கள் என்பதும்தான் உங்கள் இரண்டு நாளின் தன்மையைத் தீர்மானிக்கும்.

குளிரைத் தேடிப் போகிறோம் என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹாசன் மாவட்டத்துக் காப்பி மலைப்பகுதியான சகலேஷ்பூரின் நகரம் நம் ஊரின் உயரத்தில்தான் இருக்கிறது. குடகின் தலைநகரான மடிக்கேரி அதைவிட இருநூற்றைம்பது மீட்டர் போலத்தான் கூடுதல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் என்பதால் அங்கே மூன்று நான்கு டிகிரி வித்தியாசத்தை உணரலாம். உண்மையான குளிர் வேண்டுமென்றால் 2,240 மீட்டரில் இருக்கும் உதகைக்குத்தான் போக வேண்டும். ஆனால் இரண்டு நாள் ஓய்வுக்கு அது ஏற்ற இடமில்லை என்பேன். தொலைவு ஒரு காரணம். மைசூரிலிருந்து அங்கே போகும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு வரை அடைக்கப்படுவது இன்னொன்று. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருப்பது மூன்றாவது. கோத்தகிரியின் தேயிலைத் தோட்ட வீடுகள் எத்தனை அமைதியானவை என்றாலும், அவற்றை நான்கு நாள் விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். மற்ற மலைகளில் நீங்கள் பெறப்போவது மரநிழலின் ஈரமும், வண்டிச் சத்தம் கேட்காத இரவும், எங்கும் போக வேண்டிய தேவையற்ற ஒரு பகலும் ஆகும். தெர்மாமீட்டரில் தெரியாவிட்டாலும் உடம்புக்கு அது தெரியும்.

அடுத்து, பெங்களூரின் எந்தப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், யஷ்வந்த்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு துமகூரு சாலை அருகில் இருக்கிறது. நெலமங்கலாவில் இடப்பக்கம் திரும்பினால் குணிகல், சன்னராயபட்டணா, ஹாசன் வழியாகச் சகலேஷ்பூருக்கு நேராகப் போய்விடலாம். ஹாசனிலிருந்து பேளூர் வழியாகச் சிக்கமகளூர். ஜெயநகர், பனசங்கரி, ஜே.பி. நகர்வாசிகளுக்கு கனகபுரா சாலை வசதி. மளவள்ளி, கொள்ளேகால், எளந்தூர் என்று போய்ப் பிலிகிரிரங்கன் மலை ஏறலாம். கெங்கேரி, ராஜராஜேஸ்வரி நகர்க்காரர்களுக்கு மைசூர் விரைவுச்சாலை வழியாகக் குடகு. மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, எலக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூர்ச் சாலைதான் உங்கள் வாசல். அது கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாக ஏற்காட்டில் கொண்டுபோய் விடும். மாரத்தஹள்ளியிலிருந்து புறப்பட்டு, ஊரைக் குறுக்கே கடந்து நெலமங்கலாவை அடைவதற்கே வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் போய்விடக்கூடும். ஓசூர்ச் சாலைக்கு அப்படி ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. சிக்கமகளூரும் ஏற்காடும் வரைபடத்தில் ஏறக்குறைய சம தூரம்தான், இரண்டுமே இருநூற்று முப்பது, நாற்பது கிலோமீட்டர்; ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அவை சமமல்ல.

பருவத்தைப் பொறுத்தும் விடை மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவு, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்குகிறது. அந்த மலைத்தொடரில் உள்ள ஆகும்பேயில் ஓராண்டு மழை ஏழாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். பெங்களூரில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஆயிரத்தை ஒட்டித்தான். ஜூலையில் சிக்கமகளூர், சகலேஷ்பூர், மேற்குக் குடகுப் பகுதிகளில் தங்கினால் சூரியனைப் பார்க்காமலே திரும்பி வரலாம். அதில் ஒரு சுகம் உண்டு என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன்; ஓட்டுக்கூரையில் விடாமல் பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடப்பதைவிடச் சிறந்த ஓய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் மின்கம்பிகள் மீது மரம் விழும், சாலையில் மண் சரியும். 2018 ஆகஸ்டில் குடகில் ஏற்பட்ட நிலச்சரிவுகளுக்குப் பிறகு மாவட்ட நிர்வாகங்கள் மழைக்காலத்தில் எச்சரிக்கையாக இருக்கின்றன. சகலேஷ்பூருக்கு அப்பால் இறங்கும் சிராடி மலைப்பாதை மழைக்காலத்தில் அடிக்கடி தடைபடும். முதியவரை அழைத்துக்கொண்டு போகிற குடும்பம் அந்த மாதங்களில் கிழக்குப் பக்கத்து மலைகளை நாடுவதுதான் அறிவுடைமை. ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்ந்ததன்று, கிழக்கு மலைகளின் வரிசையைச் சேர்ந்தது. ஜூன், ஜூலையில் அங்கே மேகமும் தூறலும் இருக்கும், வெள்ளக்காடு இருக்காது. அங்கே கனத்த மழை பெரும்பாலும் ஆகஸ்டுக்குப் பிறகு, வடகிழக்குப் பருவம் முடியும் வரை. கோடையில், குறிப்பாக மே மாதக் கோடை விழாவின்போது, ஏற்காட்டுப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

குடகும் சிக்கமகளூரும் சிறந்து விளங்குவது நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் அராபிகா வகைக் காப்பிப் பழம் பறிப்பார்கள். அதை அடுத்து ரொபஸ்டா வகை. தோட்டத்துக் களத்தில் காப்பிப் பழம் காயும் வாசனை வீடு வரைக்கும் வரும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரு நல்ல பூமழை, அதாவது காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் மழை, பெய்தால், எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணத்தோடு மூன்று நான்கு நாள் நின்று உதிரும். இதைக் குறிவைத்து முன்கூட்டியே பதிவு செய்ய முடியாது. விடுதிக்காரரிடம் சொல்லி வைத்து, மழை பெய்த செய்தி வந்ததும் புறப்படத் தயாராக இருப்பவர்களுக்கே வாய்க்கும். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இனி வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். கர்நாடகத்துக் காப்பி மலைகளில் தங்குமிடங்கள் மூன்று வகைப்படும். ரிசார்ட்டுகள் ஒரு வகை: நாற்பது ஐம்பது அறைகள், நீச்சல் குளம், பஃபே சாப்பாடு. வசதி இருக்கும், ஒதுக்கம் இருக்காது. இரண்டாவது, அரசு சார்ந்தவை. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் காடுகளுக்குள் நடத்தும் முகாம்கள். மூன்றாவது, தோட்ட உரிமையாளர்கள் தங்கள் பழைய பங்களாவிலோ அதை ஒட்டிக் கட்டிய சில அறைகளிலோ விருந்தினரைத் தங்கவைக்கும் ஹோம்ஸ்டேக்கள். உங்கள் தேவைக்கு மூன்றாவது வகைதான் பொருந்தும். ஆனால் இன்றைக்கு ஹோம்ஸ்டே என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமையாளர் ஊரிலேயே இல்லாமல், சமையல்காரர் ஒருவரையும் மேலாளர் ஒருவரையும் வைத்து நடத்தும் பன்னிரண்டு அறைக் கட்டடமும் அதே பெயரில்தான் விளம்பரமாகிறது. உண்மையான தோட்ட வீட்டில் நான்கைந்து அறைகளுக்கு மேல் இருக்காது. உரிமையாளரின் குடும்பம் அதே வளாகத்தில் வசிக்கும். வாடகை அறைக்கு இவ்வளவு என்றில்லாமல், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பாதிக் கட்டணம். மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தயங்காமல் தருகிறவர்களிடம் முன்பணம் கட்டலாம்.

பெங்களூரிலிருந்து போகிற நமக்கு இன்னொரு தனித் தொல்லை இருக்கிறது. இங்குள்ள நிறுவனங்கள் ஊழியர்களைக் குழுவாக அழைத்துச் செல்லும் உல்லாசப் பயணங்கள் வார இறுதிகளில் இதே விடுதிகளில்தான் போய் இறங்குகின்றன. இருபது இளைஞர்களும் ஒரு ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்தால் எந்த மலையும் கோரமங்கலா ஆகிவிடும். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் அது விடுமுறைதான். அதே இரவில் அதே வீட்டில் நாம் இருக்க வேண்டாம், அவ்வளவே. ஆகவே பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "அந்தத் தேதியில் வேறு யார் பதிவு செய்திருக்கிறார்கள், குழு ஏதாவது வருகிறதா?" என்று கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் உடனே விடை சொல்வார். சிலர், "நீங்கள் அமைதியை விரும்புகிறவர்கள் என்றால் அடுத்த வாரம் வாருங்கள்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். விளம்பரப் படங்களும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். வண்ண விளக்குகள், தீமூட்டி அதைச் சுற்றி வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், செயற்கை மழை நடனத் தளம் ஆகியவை படத்தில் இருந்தால் அந்த வீட்டின் வாடிக்கையாளர்கள் யார் என்று புரிந்துகொள்ளலாம்.

பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து அந்த வீட்டைத் தேடுங்கள். நெடுஞ்சாலை எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது, அருகில் வேறு கூரைகள் தெரிகின்றனவா, பக்கத்திலேயே கல்குவாரியோ புதிதாக மண் வெட்டிய மனைகளோ இருக்கின்றனவா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மலைப்பாங்கான இடத்தில் கனரக லாரிகள் கியர் மாற்றும் ஒலி இரண்டு கிலோமீட்டர் வரை ஏறி வரும். சகலேஷ்பூரில் மங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதிகளில் இரவு முழுவதும் இதைக் கேட்கலாம். அதே ஊரில் பிஸ்லே பக்கமோ ஹெத்தூர்ப் பக்கமோ உள்ளே போய்விட்டால் சில்வண்டைத் தவிர வேறு ஒலி இல்லை. (சில்வண்டு மார்ச், ஏப்ரலில் காது அடைக்கும் அளவுக்குக் கத்தும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.) வரைபடத்தில் கடைசிச் சாலை கோடாக மெலிந்து போனால், உங்கள் கார் அதுவரை போகுமா என்று விசாரியுங்கள். பல தோட்டங்களில் வாயிலருகே காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து வீட்டாரின் ஜீப்பில் போக வேண்டியிருக்கும். மகனுக்கு அது கொண்டாட்டம். இடுப்பு வலி உள்ள அத்தைக்கு அப்படி இருக்காது.

அத்தையை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தோட்ட வீடுகள் சரிவில் கட்டப்பட்டவை. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு இருபது முப்பது கற்படிகள் இருப்பது சாதாரணம், மழையில் அவற்றில் பாசி பிடித்திருக்கும். தரைத்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறை வேண்டும் என்று முன்னதாகச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். வெந்நீருக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். சூரிய வெந்நீர்க் கலம் மட்டும் இருக்கும் வீட்டில், பனிமூட்டமான நாளில் வெதுவெதுப்பான நீர்தான் வரும். விறகு எரித்துப் பெரிய அண்டாவில் நீர் காய்ச்சும் பழைய வழக்கம் இருக்கும் வீடுகளில் இந்தக் கவலை இல்லை. மின்சாரம் போனால் யூ.பி.எஸ். இருக்கிறதா, அல்லது அறைச் சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரை ஓட்டுவார்களா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு நேரத் தொலைவு, இரவில் வண்டி கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். நாள்தோறும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள், மலையில் மருந்துக்கடை தேடி இறங்க நேர்ந்தால் பாதி நாள் போய்விடும். கைப்பேசித் தொடர்பு பல தோட்டங்களில் கிடைக்காது. மற்ற நிறுவனங்களின் சிக்னல் இல்லாத இடத்தில் பி.எஸ்.என்.எல். சில சமயம் எடுக்கும். விடுதியின் தொலைபேசி எண்ணைப் பெங்களூரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது பழைய பழக்கம்தான், ஆனாலும் தேவை.

சாப்பாடு. குடகு வீடுகளின் பெருமை அசைவத்தில்தான் இருக்கிறது. கச்சம்புளி என்னும் புளிப்புச் சாறு விட்டுச் சமைத்த பன்றிக்கறியும், அரிசியை உருண்டையாக வேகவைத்த கடம்புட்டும் அந்த ஊரின் அடையாளம். சைவம் கேட்டால் மனமுவந்து செய்வார்கள். அக்கி ரொட்டி, இடியாப்பம் போன்ற நூல்புட்டு, மழைக்காலத்தில் மூங்கில் குருத்துக் கறி எல்லாம் சைவம்தான். ஆயினும் அதே அடுப்பு, அதே பாத்திரம் என்பதை அத்தை ஏற்பாரா என்பது உங்கள் வீட்டு விஷயம். போய் இறங்கியபின் அதைப் பற்றிப் பேசுவது இரு தரப்புக்கும் சங்கடம். சிருங்கேரி, கொப்பா, தீர்த்தஹள்ளி பக்கத்துப் பாக்குத் தோட்டங்களில் முழுச் சைவ வீடுகள் உண்டு. சேப்பிலையில் மாவைத் தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரொடெ அங்கே கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடையாது. ஆனால் அவை பெங்களூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. இரண்டு நாளில் அதைச் செய்தால் ஓய்வைவிட ஓட்டமே மிஞ்சும். ஏற்காட்டில் இந்தச் சிக்கல் குறைவு, நம் சாப்பாடே கிடைக்கும்.

மொழி குறித்து அத்தைக்குக் கவலை இருந்தால் அதற்கும் காரணமில்லை. சிக்கமகளூர், குடகுத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கான லயன் வரிசை வீடுகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதால் பிலிகிரிரங்கன் மலை அடிவாரத்திலும் தமிழ் புழங்குகிறது.

அந்த மலையைப் பற்றித் தனியாக ஒரு சொல். பிலிகிரிரங்கன் மலை 2011-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டில் அங்கு வாழும் சோலிகர் பழங்குடியினருக்குக் காட்டின் மீதான சமூக உரிமைகளும் வழங்கப்பட்டன. காப்பகத்துக்குள் கே. குடி என்னும் இடத்தில் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம் இருக்கிறது. மாலையில் வனச் சோதனைச் சாவடி மூடப்படுவதால் அதற்குப் பிறகு உள்ளே வண்டி வராது. அதனால் அங்குள்ள அமைதிக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் சஃபாரி நேரத்தை ஒட்டியே அங்கு நாள் நடக்கிறது, விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். தூங்கி ஓய்வெடுக்க நினைப்பவர்களைவிட, காட்டைப் பார்க்க ஆவலுள்ளவர்களுக்கே ஏற்றது. பத்து வயதுப் பையன் மட்டும் வாக்களிப்பதாயிருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பான்.

போய்ச் சேர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு, இயன்றவரை ஒன்றும் செய்யாதீர்கள் என்பதே என் விடை. விடுதிக்காரர்கள் வழக்கமாக அருவி, கோட்டை, காட்சிமுனை என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். முள்ளையனகிரி கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரம், சுமார் 1,930 மீட்டர். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் குறுகிய பாதையில் வண்டிகளின் வரிசையில் நிற்பதற்கு அவுட்டர் ரிங் ரோட்டிலேயே நின்றிருக்கலாம். தோட்டத்துக்குள் உரிமையாளரோடு ஒரு மணி நேரம் நடந்தால் போதும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏன் ஏற்றப்படுகிறது, நிழல் மரங்களை எப்போது கிளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள், அராபிகாவுக்கும் ரொபஸ்டாவுக்கும் இலையில் என்ன வேறுபாடு என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் சூஃபி ஞானி ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்ததாக வழங்கும் கதையையும் எப்படியும் சொல்வார். கைப்பேசியில் சிக்னல் இல்லாததால் முதல் மூன்று மணி நேரம் பையன் தவிப்பான். அதற்குள் தோட்டத்து நாய் அவனைக் கண்டுபிடித்துவிடும். சதுரங்கம், தாயக்கட்டை, படிப்பதற்கு இரண்டு புத்தகங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

சில எச்சரிக்கைகள். சகலேஷ்பூர், ஆலூர், தென்குடகுப் பகுதிகளில் காட்டு யானைகள் காப்பித் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகின்றன. விடியுமுன்னும் பொழுது சாய்ந்தபின்னும் வீட்டு வளாகத்தை விட்டு வெளியே நடக்கக் கூடாது. காலை நடைக்குப் போகும் முன், முந்தைய இரவு யானை வந்ததா என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். இதை அவர்கள் சம்பிரதாயத்துக்காகச் சொல்வதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும்; பயப்பட ஒன்றுமில்லை, உப்பையோ சுண்ணாம்பையோ தொட்டு வைத்தால் விழுந்துவிடும், இரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசியும், அவ்வளவுதான். உண்ணி அப்படியன்று. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுவது. டிசம்பர் முதல் மே வரை சிக்கமகளூர் மாவட்டத்தின் மலைநாட்டுப் பகுதிகளிலும் அது தலைகாட்டுகிறது. அந்த மாதங்களில் காய்ந்த சருகில் உட்காராதீர்கள், முழுக்கால் சட்டை அணியுங்கள், குரங்கு இறந்து கிடந்ததாகச் செய்தி வந்த இடத்துக்குப் போகாதீர்கள். திரும்பி வந்தபின் ஒரு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் கண்டால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓட்டுநருக்கு இரண்டே செய்திகள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பிரதான சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பையனுக்குக் குமட்டல் வருமென்றால் அடிவாரத்துக்கு முன்பே சிற்றுண்டியை முடித்து அரை மணி நேரம் விட்டு ஏறுங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. கூட்ட நாட்களில் அது எளிது. கார் ஓட்டவே விருப்பமில்லையென்றால், பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. அங்கிருந்து வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம். குடகுக்கு ரயில் பாதையே கிடையாது. சிக்கமகளூருக்கும் சகலேஷ்பூருக்கும் ரயில் நிலையங்கள் இருந்தாலும், அங்கிருந்து தோட்டம் வரை வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் குடும்பத்தின் நிலையில் நான் இருந்தால், ஜூன், ஜூலையிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் ஏற்காட்டைத் தேர்வேன்; ஏரிக்கரையையும் கடைவீதியையும் விட்டு விலகி, நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பழைய பங்களா ஒன்றைப் பார்ப்பேன். நவம்பர் முதல் ஜனவரி வரை என்றால் சற்றுக் கூடுதல் பயணத்தைப் பொறுத்துக்கொண்டு சிக்கமகளூர் அல்லது சகலேஷ்பூருக்கு உட்புறமாகப் போவேன். குடகுக்கு மூன்று நாளாவது கிடைத்தால்தான் போவேன். கிறிஸ்துமஸ், பொங்கல், சுதந்திர நாள் போன்றவை சனி ஞாயிறை ஒட்டி வரும் நீண்ட விடுமுறைகளில் எந்த மலைக்கும் போக மாட்டேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, வெள்ளி மாலை புறப்படுவது வேண்டாம். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடுவீர்கள், மலைமேல் இருட்டில் புது வழியைத் தேடவும் நேரும். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஓசூர் எல்லையை வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். கிருஷ்ணகிரியில் இட்லி, காப்பி. பதினோரு மணிக்குள் வீடு. பல விடுதிகளில் அறை பிற்பகல் ஒரு மணிக்குத்தான் தயாராகும் என்பார்கள். முன்னதாகச் சொல்லிவைத்தால் தோட்ட வீடுகளில் இதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள், திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பிறகு மற்ற விருந்தினர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்; அன்றைய பகலும் இரவும் அந்த வீடு உங்களுக்கு மட்டுமே கிடைக்கும், வாடகையிலும் வார நாள் சலுகை கேட்கலாம். திங்கள் காலை பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினால், மாலை நெரிசலுக்கு முன்பே மாரத்தஹள்ளிக்குள் நுழைந்துவிடலாம். விடுப்பு கிடைக்காவிட்டால் ஞாயிறு மதியச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்லி, காலை ஒன்பதரைக்கே புறப்பட்டுவிடுங்கள். மாலையில் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையில் இரண்டு நாள் ஓய்வும் கரைந்துவிடும்.